பாலத்திற்கு எத்தனை கண்?

மொழிக்கழக மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி, "அண்ணன் பாலம் கட்டுகிற வேலையில்தானே இருக்கிறீர்கள், அதைப் பற்றியே எழுதுங்கள். ஆனால் தமிழ்த்துறை மாணவருக்கும் புரிய வேண்டும், சூத்திரம் வேண்டாம்" என்று இரண்டு நிபந்தனைகளை விதித்துவிட்டுப் போனார். நம்மவர்கள் பொறியியல் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கினால் கரிகாலனையும் கல்லணையையும் அழைத்துவருவது வழக்கம். நான் இம்முறை அவரைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. என் ஊரான டெங்கிலில் இருந்தும், அதன் பக்கத்தில் உள்ள புத்ராஜெயாவில் இருந்தும் தொடங்குகிறேன். ஒரு நகரத்தில் ஆற்றின் மேல் புதிய பாலம் ஒன்றை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதை அறிய இந்த இரண்டு ஊர்களே போதும். என் மாணவப் பருவத்துத் தவறு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த எனக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்கு முன் வந்த பாலம்

நான் பத்து வயது வரை பிராங் பெசார் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. 'பெரிய போர்' என்று பொருள்படும் பெயர் வந்ததும் அதனால்தான். ரப்பர் உலகில் அந்தப் பெயர் இன்னும் வாழ்கிறது. பி.பி. 86, பி.பி. 260 என்று பல நாடுகளில் நடப்பட்ட ஒட்டுரக ரப்பர் மரங்களின் பெயரில் உள்ள 'பி.பி.' என்பது பிராங் பெசார்தான்.

எனக்குத் தெரிந்த முதல் பாலம் அந்தத் தோட்டத்து ஓடை ஒன்றின் மேல் போடப்பட்ட இரண்டு பலகைகள். பாட்டி காண்டாவில் இரண்டு பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அதில் நடந்து போவார். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் பலகையை முன்கூட்டியே எடுத்துக் கரையில் வைத்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் மறுபடியும் போடுவார்கள். வெள்ளத்தோடு மல்லுக்கட்டாத பாலம் அது. பொறியியல் படித்த பிறகுதான் அதில் இருந்த அறிவு எனக்கு விளங்கியது.

புதிய நிர்வாகத் தலைநகரைப் பிராங் பெசாரில் அமைப்பது என்று 1993-இல் அரசு முடிவு செய்தது. 1995-இல் வேலை தொடங்கியது. மொத்தப் பரப்பு 4,931 ஹெக்டர். பிரதமர் அலுவலகம் 1999-இல் இடம்பெயர்ந்தது. 2001 பிப்ரவரி 1-ஆம் தேதி புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசமானது. பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களில் இருந்த சுமார் 400 குடும்பங்கள் 1990-களின் இறுதியில் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. நிலம் கைமாறும்போது அதன் விலை நிலப்பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகும். லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவருக்குப் பட்டாவில் பெயர் ஏது? அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் கடைசி மாதங்களில் பெரியவர்கள் வியப்போடு பேசிக்கொண்ட ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செம்மண் பள்ளத்தில் பெரிய பெரிய கான்கிரீட் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. "தண்ணியே இல்லாத எடத்துல பாலம் கட்டுறானுங்க" என்று தாத்தா சிரிப்பார். உண்மையில் அங்கு நடந்தது அதுதான். புத்ராஜெயாவின் பெரிய ஏரி இயற்கையானது அன்று. சுவாவ், பீசா என்ற இரண்டு சிற்றாறுகளைத் தெற்கே அணை போட்டு மறித்து உண்டாக்கப்பட்டது. முதலில் தற்காலிக அணை ஒன்றைக் கட்டி ஒரு பகுதியை நிரப்பினார்கள். முதன்மை அணை 2002-இல் முடிந்த பிறகு ஏரி முழு அளவை எட்டியது. ஏரி மட்டும் சுமார் 400 ஹெக்டர். அதற்கு மேலே, வரும் நீரை வடிகட்டுவதற்காக 24 பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட செயற்கைச் சதுப்புநிலம் சுமார் 200 ஹெக்டர்.

எனவே அங்கே பாலம் கட்டியவர்களுக்கு ஆற்றில் இறங்கி வேலை செய்யும் தொல்லை பெரும்பாலும் இல்லை. காய்ந்த தரையில் அடித்தளம் போட்டார்கள், தூண் எழுப்பினார்கள், தண்ணீர் பிறகு வந்தது. எந்த மட்டம் வரை வரும் என்பதும் முன்னரே தெரியும், ஏனென்றால் அந்த மட்டத்தைத் தீர்மானித்தவர்களே அவர்கள்தான். ஒரு பொறியாளருக்கு இதைவிடச் சொகுசான வேலை கிடைக்காது.

இதனால்தான் புத்ராஜெயாவின் பாலங்கள் தோற்றத்துக்கு அவ்வளவு இடம் கொடுக்க முடிந்தது என்பது என் கருத்து. 1999-இல் முடிந்த புத்ரா பாலம் 435 மீட்டர் நீளம். ஈரானின் இஸ்பஹான் நகரில் பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கஜூ பாலத்தின் சாயலில் வடிவமைக்கப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கஜூ பாலத்தில் அடுக்கடுக்காக வளைவுகள் இருப்பது அழகுக்காக மட்டும் அன்று. அது பாலமாகவும் நீரைத் தேக்கும் மதகாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்தது. வளைவுகளுக்கு இடையே பலகைகளை இறக்கினால் மேற்பக்கம் தண்ணீர் உயர்ந்து வாய்க்கால்களுக்குப் பாயும். புத்ராஜெயாவில் தேக்கும் வேலையை அணை பார்த்துக்கொள்கிறது. கஜூவின் உருவம் மட்டும் இங்கே வந்தது, அதன் தொழில் வரவில்லை. இஸ்பஹானின் ஆறோ இப்போதெல்லாம் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கிறது.

2002-இல் முடிந்த ஸ்ரீ சௌஜானா பாலம் 300 மீட்டரை ஒரே தாவலில் கடக்கிறது. வளைவும் வடமும் சேர்ந்து தாங்குகின்றன. 2003-இல் முடிந்த ஸ்ரீ வாவாசான் பாலத்தைப் பாய்மரக் கப்பலுக்கு ஒப்பிடாதவர் இல்லை. சாய்ந்த கோபுரம் ஒன்றில் இருந்து விசிறிபோல் விரியும் இரும்பு வடங்கள் சுமார் 165 மீட்டர் தளத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. இவற்றோடு மோனோரயிலுக்கென்று ஒரு தொங்கு பாலமும் எழுந்தது. 2004-ஆம் ஆண்டளவில் அந்த ரயில் திட்டமே நின்றுபோனது. அந்தப் பாலத்தின் மேல் ஒரு ரயிலும் ஓடியதில்லை. கிள்ளான்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே கோத்தா பாலத்தின் கீழ்த்தளம் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் என்று கட்டப்பட்டு, பல தலைமுறை அதில் நடந்து கடைத்தெருவுக்குப் போய் வந்திருக்கிறது.

ஆறு தரும் கணக்கு

இனி டெங்கிலுக்கு வருவோம். இங்கே ஓடுவது லங்காட் ஆறு. தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து உலு லங்காட், காஜாங், பாங்கி வழியாக இறங்கி, வழியில் செமினி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, டெங்கிலைக் கடந்து பந்திங் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. புத்ராஜெயாவின் சுவாவ் ஆறு கடைசியில் வந்து கலப்பதும் இதில்தான். சுவாவ் ஆற்றுக்கு மழைநீரைத் தரும் நிலப்பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். டெங்கிலில் லங்காட் ஆற்றுக்கோ சுமார் 1,240 சதுர கிலோமீட்டர். இருபத்தைந்து மடங்கு. காஜாங்கில் கொட்டும் மழைக்கு டெங்கில்காரர்தான் மறுநாள் பதில் சொல்ல வேண்டும்.

ஆற்றுப் பாலம் திட்டமிடுவதில் முதல் கேள்வி 'எவ்வளவு தண்ணீர் வரும்?' என்பதே. வடிவம், வண்ணம், விளக்கு அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகு. பல ஆண்டு நீர்மட்டப் பதிவுகளை எடுத்து, மிகப் பெரிய வெள்ளங்களை வரிசைப்படுத்தி, '100 ஆண்டு வெள்ளம்' என்ற ஓர் அளவைக் கணிக்கிறார்கள். முக்கியமான பாலத்தின் அடிப்பகுதி அந்த வெள்ள மட்டத்துக்கும் மேலே, மிதந்து வரும் மரம் மட்டை முட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

'100 ஆண்டு வெள்ளம்' என்ற சொல் பலரை ஏமாற்றும். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், போன ஆண்டு வந்துவிட்டது, இனிப் பேரன் காலத்தில்தான் என்று நினைத்துவிடுகிறோம். அதன் பொருள் அதுவன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டுதோறும் புதிதாகச் சீட்டுக் குலுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் கட்டி முடிக்க ஆகும் 30 ஆண்டுகளில் அந்த வெள்ளத்தை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. பாலத்தின் ஆயுள் நூறு ஆண்டு என்றால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 63. இன்னொன்றும் உண்டு. பழைய பதிவுகள் எல்லாம் காடும் ரப்பர் தோட்டமும் இருந்த காலத்தவை. மழைநீரை உறிஞ்சிக்கொண்ட நிலம் இன்று தாமானும் தார்ச்சாலையுமாக மாறிவிட்டது. அதே மழை இன்று பெய்தால் ஆற்றுக்கு அதிக நீர், அதுவும் விரைவாக வந்து சேரும்.

என் அழகான பாலம்

2011-இல் நான் இறுதியாண்டு மாணவன். ஆய்வுத் திட்டத்துக்கு டெங்கில் பகுதியில் லங்காட் ஆற்றைக் கடக்கும் புதிய பாலம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். எடுத்தேன் என்றால் காகிதத்தில்தான். யாரும் கட்டச் சொல்லவில்லை. புத்ராஜெயாவைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் என்ன வரைவேன்? சாய்ந்த கோபுரம், விசிறி வடங்கள், இரவில் நீல விளக்கு. ஆற்றின் ஓடைப்பகுதி 60 மீட்டர் அகலம் என்று எடுத்துக்கொண்டு, அதை ஒரே தாவலில் கடக்கும்படி வரைந்தேன்.

60 மீட்டருக்கு வடம் தாங்கு பாலம் என்பது கொசு அடிக்கச் சம்மட்டி எடுத்த கதை. பொதுவாக 150 மீட்டருக்கு மேல் போனால்தான் அந்த முறை செலவுக்கு நியாயமாகிறது. ஆலையில் வார்த்து லோரியில் கொண்டுவரும் முன்தகைவுக் கான்கிரீட் உத்திரங்கள் முப்பது, நாற்பது மீட்டரை எளிதாகக் கடக்கும். ஆனால் என் உண்மையான தவறு அது இல்லை.

ஆற்றுக்கு ஓடைப்பகுதி மட்டும் சொந்தம் இல்லை. இரு கரையிலும் தாழ்வான சமவெளி இருக்கிறதே, அதுவும் ஆற்றுடையதுதான். பெரும்பாலான நாள்களில் அதை நமக்கு இரவல் கொடுத்துவிட்டு, வெள்ளக் காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. என் வரைபடத்தில் அந்தச் சமவெளி 600 மீட்டர் அகலம். சாலையைப் பாலத்தின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டுமே! நான் 600 மீட்டருக்கும் மண்ணைக் கொட்டி மேடு போட்டு, அதன் மேல் சாலையை ஓட்டினேன். மண்மேடு மலிவு. மிச்சப்படுத்திய பணத்தில்தான் சாய்ந்த கோபுரம்.

வார இறுதியில் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஹாலில் விரித்தேன். எல்லாரும் கோபுரத்தைப் பார்த்து மெச்சினார்கள். பாட்டிக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "எத்தன கண்ணுய்யா விட்டிருக்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் பாட்டி, பெரிய கண்ணு."

"லங்காட்டுக்கு ஒண்ணு பத்துமா?"

நான் சிரித்துக்கொண்டே வரைபடத்தைச் சுருட்டிவிட்டேன். திங்கட்கிழமை என் மேற்பார்வையாளர் அதை மேசையில் விரித்து, கோபுரத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், பென்சிலால் மண்மேட்டின் மேல் இப்பக்கம் இருந்து அப்பக்கம் வரை ஒரு கோடு இழுத்தார். "இது பாலமா, அணையா?" என்று மலாயில் கேட்டார்.

அவர் அன்று போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். வகுப்பறைக்கான எண்கள்தாம், சூத்திரம் இல்லை, பெருக்கல் மட்டுமே. ஓடைப்பகுதி 60 மீட்டர் அகலம், வெள்ளத்தில் 5 மீட்டர் ஆழம். அப்படியானால் 300 சதுர மீட்டர் வாசல். தண்ணீர் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் போனால், விநாடிக்கு 450 கன மீட்டர் அதன் வழியே போகும். சமவெளி 600 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், வேகம் அரை மீட்டர். அதுவும் 450 கன மீட்டர். ஆக மொத்தம் 900. பாதி ஆறு ஓடையில் போகிறது, மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாமல் வயலிலும் கம்பத்திலும் அகன்று மெதுவாகப் போகிறது.

இப்போது என் மண்மேட்டை வையுங்கள். சமவெளியில் போன 450-க்கும் வழி அடைபட்டது. 900-உம் அந்த ஒரே வாசலில் நுழைய வேண்டும். வேகம் விநாடிக்கு 3 மீட்டர் ஆகிறது, இரண்டு மடங்கு. அவ்வளவு வேகம் பெறுவதற்குத் தண்ணீர் மேற்பக்கத்தில் குவிந்து உயர வேண்டும். கணக்குப்படி அந்த உயர்வு சுமார் 40 சென்டிமீட்டர். வெறும் 40 சென்டிமீட்டர்தானே என்று நான் முணுமுணுத்தேன். "அது பாயில் படுத்திருப்பவனுக்கும் கட்டிலில் படுத்திருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார் அவர்.

அந்த மண்மேட்டுக்கு மேற்பக்கத்தில், ஆற்றோரக் கம்பம் ஒன்றில், என் பெரியம்மா வாடகைக்கு இருந்தார். என் வரைபடத்தில் அந்த இடம் பச்சை வண்ணத்தில் 'தாழ்நிலம்' என்று குறிக்கப்பட்டிருந்தது. ஓர் ஏரிக்காகத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துக்கு நான் இன்னோர் ஏரியை வரைந்து வைத்திருக்கிறேன் என்று அந்த மேசைக்கு முன் நின்றபோது எனக்கு உறைத்தது.

வெற்றிடத்தை எண்ணும் சொல்

பாட்டி கேட்ட 'கண்' என்ற சொல்லைப் பற்றித் தமிழ் மாணவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். பாலத்தின் இரு தூண்களுக்கு இடைப்பட்ட திறப்பைத் தமிழில் கண் என்பார்கள். ஏழு கண் பாலம், ஒன்பது கண் மதகு என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் வழங்குகிறது. கொல்லத்தில் இருந்து செங்கோட்டைக்கு வரும் ரயில் பாதையில் கழுதுருட்டி என்னும் இடத்தில் உள்ள பழைய கற்பாலத்துக்குப் 'பதிமூன்று கண் பாலம்' என்றே பெயர்.

கவனியுங்கள், எண்ணப்படுவது தூண் அன்று. கட்டியதை எண்ணாமல், கட்டாமல் விட்ட இடத்தை எண்ணுகிறார்கள். தண்ணீர் போக எத்தனை வழி விட்டாய் என்பதே கேள்வி. 'எத்தனை கண் கட்டியிருக்கிறாய்' என்று பாட்டி கேட்கவில்லை. 'விட்டிருக்க' என்றுதான் கேட்டார். எங்கள் பாடப்புத்தகத்தில் பாலத்தை அதன் நீளம், அகலம், தாங்கும் எடை ஆகியவற்றால் வகைப்படுத்தியிருந்தார்கள். நீர்வழியின் பரப்பு என்பது பல பக்கங்கள் தள்ளித் தனி அதிகாரத்தில் வந்தது.

இதைச் சொல்வதால் முன்னோர்க்கு எல்லாம் தெரியும் என்று நான் மேடையேறிப் பேசுவதாக நினைக்க வேண்டாம். பாட்டிக்குத் தூண் அடியில் நிகழும் அரிப்பைக் கணக்கிடத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் எந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தூணின் காலடியில்

அரிப்பு என்றேன். பாலங்களை வீழ்த்துவதில் அதிக எடை ஏற்றிய லோரியைவிடத் தண்ணீருக்கே பெரும் பங்கு. ஓடும் நீரில் ஒரு தூண் நின்றால், நீர் அதன் முகத்தில் மோதிக் கீழ்நோக்கிச் சுருண்டு, காலடி மணலைத் தோண்டி எடுத்துச் செல்லும். கடற்கரையில் அலை திரும்பும்போது உங்கள் குதிகாலுக்கு அடியில் மணல் நழுவுமே, அதேதான். வேகம் இரண்டு மடங்கானால் அரிக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். என் ஒற்றைக் கண் பாலத்தில் நடுத்தூண் இல்லாவிட்டாலும் இரு கரைத்தாங்கிகளையும் அந்த மூன்று மீட்டர் வேகம் குடைந்துவிட்டிருக்கும்.

1987 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஷோஹரி ஓடைப் பாலம் இப்படித்தான் தூண் சாய்ந்து விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் திருச்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம் இருந்தது. பக்கத்தில் புதிய பாலம் வந்ததால் 2016 முதல் அதில் வாகனங்கள் ஓடவில்லை. 2018 ஆகஸ்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்தபோது அதன் நடுத்தூண்கள் சாய்ந்தன. மேலே சுமை ஏதும் இல்லை. கீழே தண்ணீர் மட்டும்தான். லங்காட் ஓரத்தில் மணல் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றுப் படுகையில் இருந்து மணல் போகப் போகப் படுகை இறங்கும். தூணின் வேர் வெளியே தெரியத் தொடங்கும்.

இதற்காகத்தான் பைலிங் அடிக்கிறோம். அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்று கணித்து, அதற்கும் கீழே உறுதியான மண் கிடைக்கும் வரை கான்கிரீட் தூண்களை இறக்க வேண்டும். டெங்கில் பக்கம் மேல்மண் மென்மையானது. ஆற்று வண்டலும் கரிச்சேறும் கலந்தது. ஆகவே எத்தனை இடத்தில் துளையிட்டு மண்ணை ஆராய்ந்தாலும் தகும். ஆற்றுக்குள் நடக்கும் அடித்தள வேலையை மழை குறைந்த ஜூன், ஜூலை மாதங்களில் முடித்துவிடப் பார்ப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கள் வழக்கம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழைக்கு அட்டவணை எல்லாம் தெரியாது.

மறுபடியும் வரைந்தேன். ஓடைப்பகுதிக்கு 20 மீட்டரில் மூன்று கண்கள். ஒற்றைப்படையாக வைத்தால் நடு ஆற்றில், நீர் மிக வேகமாகப் போகும் இடத்தில் தூண் வராது. சமவெளியில் பக்கத்துக்குப் பத்தாக மேலும் இருபது கண்கள். ஓரத்தில், மேடான பகுதியில் மட்டும் மண்மேடு. 60 மீட்டராக இருந்த பாலம் 460 மீட்டராக நீண்டது. சாய்ந்த கோபுரத்தை எடுத்ததால் மிஞ்சிய பணம் போதவில்லை; என் செலவு மதிப்பீடு பழையதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியது. பார்க்கவும் சாதாரணமாக இருந்தது. அதன் மேல் காரில் போகிறவர் அதைப் பாலம் என்றே உணரமாட்டார். கண்காட்சியில் என் படத்துக்கு முன் யாரும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு அடுத்த பலகையில் ஒரு நண்பர் வடம் தாங்கு பாலம் வரைந்திருந்தார்.

வேலைக்கு வந்த பிறகு ஒன்று புரிந்தது. அந்த இருபது கண்களைக் காப்பாற்றுவதுதான் கடினம். செலவைக் குறைக்கும் கூட்டம் நடக்கும்போதெல்லாம் முதலில் யார் கையும் அங்கேதான் போகும். "ஆண்டு முழுக்க அந்த இடத்தில் தண்ணீரே இல்லையே, எதற்குப் பாலம்?" என்பார்கள். தாத்தா பிராங் பெசாரில் சிரித்துக்கொண்டே சொன்ன அதே வாக்கியம். வெள்ளம் வரும் என்று எண்களால் மட்டும் சொன்னால் கூட்டத்தில் எடுபடாது. எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று காட்ட வேண்டும்.

2021 டிசம்பர்

2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூரில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரு நாளில் கொட்டியது என்றார்கள். ஷா ஆலம் ஸ்ரீ மூடாவும் உலு லங்காட்டும் செய்தியில் அதிகம் இடம்பெற்றன. டெங்கிலும் மூழ்கியது. பெரியம்மாவும் பெரியப்பாவும் பக்கத்து மாடி வீட்டில் இரண்டு இரவு தங்கினார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு வீடு கழுவப் போனோம். தம்பிமார் சேற்றை வாரிக்கொண்டிருக்க, நான் அளவு நாடாவை எடுத்துச் சுவரில் படிந்திருந்த கோட்டை அளந்தேன். தரையில் இருந்து 1 மீட்டர் 10 சென்டிமீட்டர். கூடத்துச் சுவரில் பெரியம்மாவின் பலகை அலமாரி இருக்கிறது. சாமி படம், பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டை நகல்கள், பெரியப்பாவின் பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள் எல்லாம் அதில்தான் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். அலமாரியின் உயரத்தையும் அளந்தேன். 1 மீட்டர் 35. டின் நனையவில்லை.

1.10-உடன் 40 சென்டிமீட்டரைக் கூட்டினால் 1.50. வகுப்பறைக் கணக்கை உண்மையான வெள்ளத்தோடு இப்படிக் கூட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். கூட்டாமல் இருக்க முடியவில்லை.

"அளந்து என்னா தம்பி செய்யப் போற?" என்று பெரியம்மா கேட்டார். எழுதி வைக்கப்போவதாகச் சொன்னேன். வெள்ளம் வடிந்த சில நாள்களில் எல்லாரும் சுவரைக் கழுவிவிடுவார்கள், பிறகு எவ்வளவு உயரம் வந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது, பாலம் போடுகிறவனுக்கு அந்தக் கோடு வேண்டும் என்று விளக்கினேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சீனப் புத்தாண்டு லீவுல சாயம் அடிக்கலாம்னு பெரியப்பா சொன்னாரு. அந்தக் கோட்டோட வீட்ட வச்சிருந்தா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கதவுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சுவரைக் கழுவாமல் விட்டுவிட்டு, கோட்டின் மேல் ஓர் ஆணியை அறைந்து, தேதியைப் பென்சிலால் எழுதி, மற்ற இடம் முழுவதும் சாயம் அடித்தோம்.